நான்கு வகைக் கத்தரி: எதை எதோடு சேர்ப்பது?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த ஒரு தம்பியின் கேள்வி இது. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் கத்தரி போடுகிறார். கடையில் வாங்கிய ஹைப்ரிட் விதை முதல் முறை அள்ளிக் கொடுத்ததாம். அதிலேயே இரண்டு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து மறுபடி போட்டால், ஒரு செடியில் நீட்டு, அடுத்ததில் குண்டு, இன்னொன்றில் பச்சை வரி என்று கலைந்துபோய்விட்டது. இப்போது அக்கம்பக்கத்தில் கேட்டு நான்கு வகை விதை சேர்த்து வைத்திருக்கிறார்: பழைய லயத்து முள்ளுக் கத்தரி, விரல் போல நீண்ட ஊதா, வெள்ளைக் குண்டு, ஒரு பாட்டி தமிழ்நாட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த வரிக் கத்தரி. "பெரிய காய்க்காரனையும் நிறையக் காய்ப்பவனையும் சேர்த்தால் பெரிய காய் நிறையக் காய்க்குமா? விவசாய அதிகாரி மரபணு வேற்றுமை என்று சொன்னாரே, அதற்கும் விளைச்சலுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்.

தம்பி, விதை ஏன் கலைந்தது என்பதற்கான பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, மரத்தடியில் பழம் உதிர்ந்து தானாக முளைக்கும் கன்றைப் பிடுங்கி யாராவது மறுநடவுக்கு வைப்பார்களா? வைத்தால் கங்காணி சும்மா விடமாட்டார். தோட்டத்தில் நிற்பது தெனெரா. தடித்த ஓடுள்ள டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் சேர்த்து எடுத்த கலப்பு அது. ஓட்டின் தடிமனை ஒரே ஒரு மரபணுதான் தீர்மானிக்கிறது என்பதை காங்கோவில் வேலை செய்த ஆய்வாளர்கள் 1941இல் எழுதினார்கள். தெனெராவும் தெனெராவும் சேர்ந்து விழும் விதையில் நாலில் ஒரு பங்கு டூரா, இரண்டு பங்கு தெனெரா, ஒரு பங்கு பிசிஃபெரா. அந்தப் பிசிஃபெராவில் பெரும்பாலும் குலை முற்றுவதற்குள் அழுகிவிடும். ஒரு மரபணு பிரிந்ததற்கே இந்தக் கூத்து என்றால், நீளம், பருமன், நிறம், முள், எண்ணிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் பல மரபணுக்கள் பின்னால் நிற்கும் கத்தரியில் என்ன நடக்கும்? உங்கள் பாத்தியில் நடந்ததுதான் நடக்கும்.

விதைக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஹைப்ரிட்டின் முதல் தலைமுறை, அதாவது எஃப் 1, வரிசை பிசகாமல் ஒரே மாதிரி இருக்கும். அதன் பிள்ளைகள் அப்படி இருக்காது. கத்தரிக்கு இதில் ஒரு பெருமை உண்டு. ஜப்பானின் சைத்தாமா மாநில ஆய்வுப் பண்ணையிலிருந்து 1924இல் விவசாயிகளுக்கு எஃப் 1 கத்தரி விதை கொடுத்தார்கள். காய்கறிகளில் ஹைப்ரிட் விதை கடைக்கு வரத் தொடங்கிய கதை அங்கேதான் ஆரம்பம். கத்தரியை முதலில் எடுத்ததற்குக் காரணம் எளிது: ஒரு பூவைக் கையால் சேர்த்தால் ஒரு காயில் நூற்றுக்கணக்கில் விதை கிடைக்கும். கூலி கட்டுபடியாகும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெரிய காயும் நிறையக் காயும் ஒரே செடியில் வருமா என்பதுதானே?

இதில் நானே சூடு பட்டவன். விதை நிறுவனம் ஒன்றின் சோதனைத் திடலுக்கு வேலைக்குப் போன புதிதில், வீட்டிலும் ஒரு பாத்தி வைத்திருந்தேன். ஒவ்வொரு பருவமும் இருப்பதிலேயே பெரிய காயைப் பார்த்து விதைக்கு விட்டேன். மூன்று தலைமுறை கழித்து, கையில் எடுத்தால் சின்னப் பூசணி மாதிரி காய். பார்க்கிறவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் ஒரு செடிக்கு ஆறு காய், ஏழு காய், அவ்வளவுதான். பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு எடுத்துப்போனால், "ஐயோ இவ்வளவு பெருசு வேண்டாம் அண்ணே, வீட்டில் இரண்டு பேர்தான்" என்று சின்னதைத் தேடினார்கள். நான் காயைத் தேர்ந்தெடுத்தேனே தவிர செடியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

கத்தரியில் காயின் எடையும் காயின் எண்ணிக்கையும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். குண்டு ரகம் ஒரு செடிக்கு 7 காய், ஒவ்வொன்றும் 280 கிராம் என்று வையுங்கள்: 1,960 கிராம். சின்ன ரகம் 38 காய், 60 கிராம் வீதம்: 2,280 கிராம். இரண்டையும் சேர்த்த எஃப் 1 38 காயை 280 கிராமில் தராது. 19 காய், 130 கிராம் என்று நடுவில் எங்காவது நிற்கும். ஆனால் பெருக்கிப் பாருங்கள், 2,470 கிராம். இரண்டு பெற்றோரையும் தாண்டிவிட்டது. எடையும் எண்ணிக்கையும் தனித்தனியே நடுவில் நின்றாலும் பெருக்குத்தொகை மேலே போகலாம். கலப்பு வீரியம் என்பதில் ஒரு பகுதி இந்தப் பெருக்கல் வித்தைதான். செடியே கூடுதல் தெம்போடு வளர்வது மறுபகுதி.

எனவே நோட்டுப் புத்தகத்தில் மொத்த எடையை மட்டும் எழுதினால் போதாது. நட்டதிலிருந்து முதல் பூ வர எத்தனை நாள், கிளை எத்தனை, ஒரு பூங்கொத்தில் எத்தனை பூ, அதில் எத்தனை காய் தங்கியது, காயின் நீளம், சுற்றளவு, சராசரி எடை, எத்தனை முறை பறித்தீர்கள், சொத்தைக் காய் எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். ஆய்வாளர்கள் இந்தக் குணங்களுக்குள் எது எதோடு சேர்ந்து போகிறது என்று பார்த்துவிட்டு, அதோடு நிற்காமல் அதை நேரடி விளைவு, மறைமுக விளைவு என்று பிரிப்பார்கள். உயரமான செடி அதிகம் காய்க்கிறது என்று தெரியவரும். ஆனால் கிளை எண்ணிக்கை சமமாக உள்ள செடிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், உயரத்தால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடலாம். உயரம் சும்மா கிளையின் முதுகில் ஏறி வந்திருக்கும். இப்படிப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் விளைச்சலை நேரடியாகத் தள்ளுவதாகத் திரும்பத் திரும்ப வருவது செடிக்கு எத்தனை காய் என்பதுதான், சராசரிக் காய் எடை அதற்கு அடுத்து. நானாக இருந்தால் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, எடை ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் காவல் வைப்பேன்.

எண்ணிக்கை எங்கே தோற்கிறது என்று பார்க்க நாளைக் காலை ஒரு பூவைக் கையில் எடுங்கள். நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பு போல ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அந்தக் கூம்புக்கு மேலே பச்சையாக ஒரு புள்ளி எட்டிப் பார்க்கிறதா? அதுதான் சூல்முடி. நன்றாக நீட்டிக்கொண்டிருந்தால் நெடுந்தண்டுப் பூ. மகரந்தப்பையின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் நடுத்தண்டு. உள்ளே ஒளிந்திருந்தால் குறுந்தண்டு. நெடுந்தண்டுப் பூவில்தான் காய் நன்றாகப் பிடிக்கும், நடுத்தண்டில் ஓரளவு, குறுந்தண்டில் அநேகமாக ஒன்றும் தங்காது. அது பூத்துக் காட்டிவிட்டு மஞ்சளாகி விழுந்துவிடும். "பூ நிறைய வருது, காய் நிக்கல" என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் முதலில் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பூ எத்தனை வரும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். உரம், வெயில், செடியின் வயது இவையும் மாற்றும். உங்கள் நான்கு வகையிலும் செடிக்கு முப்பது பூ எண்ணுங்கள். பாட்டியின் வரிக் கத்தரி இதில் ஜெயித்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். பல வருடம் கைமாறி வந்த விதையில், காய்க்காத செடியிலிருந்து யாரும் விதை எடுத்திருக்க மாட்டார்கள்.

இனி அதிகாரி சொன்ன வேற்றுமை. இதற்கும் நம் ஊர்ப்பக்கத்திலேயே கதை இருக்கிறது. 1876இல் விக்கம் என்பவர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம். மறுவருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது, போய்ப் பாருங்கள். நம் தாத்தாக்கள் வெட்டிய பால்மரங்களில் பெரும்பங்கு அந்தச் சின்னக் கூட்டத்தின் வாரிசுகள்தான். 600 என்று சீவுகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆர்ஆர்ஐஎம் 600 ரப்பர் ரகம், ஜாவாவின் ஜிர் 1, பிராங் பெசார் தோட்டத்தின் பிபி 86 இரண்டும் சேர்ந்து பிறந்தது. (அந்தப் பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்றைய புத்ராஜெயா நிற்கிறது.) சிறு கூட்டத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்தால் ஒரு கட்டத்துக்கு மேல் முன்னேற்றம் நின்றுவிடும், புதிய நோய் வந்தால் தாங்குவதற்கும் ஆள் இருக்காது. அதனால்தான் 1981இல் ஆய்வாளர்கள் மறுபடி அமேசானுக்குப் போய் காட்டு ரப்பர் விதை சேகரித்து வந்தார்கள். செம்பனையும் அப்படித்தான். நம் டூரா மரங்களின் வம்சம் 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கே நான்கு கன்றுகளில் போய் முடியும்.

கத்தரி இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. அது ஆசியாவிலேயே பழக்கத்துக்கு வந்த பயிர். இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை அதன் முள் நிறைந்த காட்டுச் சொந்தக்காரன் இன்னும் புறம்போக்கில் முளைத்துக்கொண்டிருக்கிறான். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கத்தரி விதை மாதிரிகள் இருக்கின்றன. செர்டாங்கில் மலேசிய வேளாண் ஆய்வு நிலையமான மார்டியும் விதை வங்கி வைத்திருக்கிறது. ஆனாலும் எல்லாக் குணமும் அந்தக் களஞ்சியத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தண்டு, காய்த் துளைப்பான் புழுவைத் தாங்கும் வலுவான எதிர்ப்பு பயிர்க் கத்தரியில் கிடைக்காததால்தான், வங்காளதேசம் 2013இல் பாக்டீரியா மரபணு சேர்த்த பிடி கத்தரிக்கு அனுமதி கொடுத்தது.

இங்கே நம் ஆட்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று. வேறு ஊர் விதை என்றால் தூரத்து உறவு, ஒரே ஊர் விதை என்றால் நெருங்கிய உறவு என்று நினைத்துக்கொள்வது. இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலநோபிஸ் 1936இல் ஒரு கணக்குமுறை தந்தார். பல குணங்களை ஒரே நேரத்தில் வைத்து, இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளப்பது அது. கத்தரி ரகங்களை அந்த முறையில் குழுக்களாகப் பிரித்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் முடிவு இதுதான்: ஒரே மாவட்டத்து ரகங்கள் வெவ்வேறு குழுவில் விழும், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவை ஒரே குழுவில் உட்காரும். காரணம், விதை மனிதரோடு கப்பலேறி வந்த பொருள். தஞ்சாவூர்க் கத்தரியும் உங்கள் லயத்து முள்ளுக் கத்தரியும் அண்ணன் தம்பியாகவே இருக்கலாம். நிறமும் ஏமாற்றும். வெள்ளையும் ஊதாவும் ஏதோ இரண்டு மூன்று மரபணுவில் மட்டும் வேறுபட்டு, மற்றதில் ஒன்றாக இருக்கக்கூடும். அதனால் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிகிறது என்பதற்காக ஜோடி சேர்க்காதீர்கள். நோட்டில் எழுதிய பத்துக் குணத்திலும் எந்த இரண்டு அதிகம் விலகி நிற்கிறது என்று பாருங்கள். அதோடு இரண்டுமே தனித்தனியாகவும் ஓரளவு நன்றாகக் காய்க்க வேண்டும். வெகுதூரம் என்பதற்காக உதவாக்கரைச் செடியை இழுத்துவந்து சேர்த்தால் அதன் உதவாக்கரைக் குணமும் சேர்ந்தே வரும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வெள்ளைக் குண்டையும் வரிக் கத்தரியையும் முதலில் சேர்ப்பேன். முள்ளுக் கத்தரியை இரண்டாவதாக வைப்பேன். முள் போகாதே என்று பயப்பட வேண்டாம். முள் இல்லாத கத்தரிகளில் ஒரு மரபணு பழுதுபட்டிருப்பதை 2024இல் கண்டுபிடித்தார்கள். ஒரு நல்ல பிரதி இருந்தாலே முள் வந்துவிடும் என்பதால் எஃப் 1 பெரும்பாலும் குத்தும், அதற்கடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று போல மொழுமொழுவென்று வரும்.

இந்த ஒப்பீடெல்லாம் ஒரே பாத்தியில் நடக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்துச் செடி எப்போதும் கொழுகொழுவென்று நிற்கும், அது வம்சம் இல்லை, தண்ணீர். ஒரு குணத்தில் தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு வம்சத்தால் வந்தது, எவ்வளவு மண்ணாலும் தண்ணீராலும் வந்தது என்று பிரிப்பதைத்தான் மரபுவழித் திறன் என்கிறார்கள். காய் எண்ணிக்கையிலும் காய் எடையிலும் வம்சத்தின் பங்கு பல ஆய்வுகளில் நல்ல உயரத்தில் வந்திருக்கிறது. அதாவது நல்ல செடியைப் பார்த்து விதை எடுத்தால் பலன் தெரியும் குணங்கள் அவை. ஒவ்வொரு வகையிலும் பத்துச் செடி, அதுபோல மூன்று இடத்தில், எந்த வரிசைக்கு எந்த வகை என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சீட்டுக் குலுக்குவதைக் கேலியாக நினைக்காதீர்கள். நம் கை தானாகவே பிடித்த செடிக்கு நல்ல இடம் கொடுத்துவிடும்.

வாடலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பேராக் மண்ணில் கத்தரி போட்டவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நேற்றுவரை பச்சையாக நின்ற செடி மத்தியானம் தொங்கும், இரண்டு நாளில் முடிந்துவிடும். அடித்தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். நான்கு வகையில் எது வாடல் வந்த இடத்தில் சாகாமல் நிற்கிறதோ அதற்கு நோட்டில் நட்சத்திரம் போடுங்கள், காய் சுமாராக இருந்தாலும் சரி. எதுவுமே நிற்கவில்லையென்றால் சுண்டைக்காய்ச் செடி இருக்கிறது, மலாய்க்காரர்கள் தெரோங் பிபிட் என்பார்கள். அதன் வேர் வாடலை நன்றாகத் தாங்கும். கத்தரியை அதன்மேல் ஒட்டுக் கட்டலாம். பால்மரத்துக்குக் கண் ஒட்டிய கை உங்கள் அப்பாவுடையது என்றால் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும்.

கலப்பு செய்வது இப்படி. மறுநாள் விரியப்போகும் மொட்டைச் சாயங்காலம் தேர்ந்தெடுங்கள். ஊதா நிறம் ஏறியிருக்கும், ஆனால் வாய் திறந்திருக்காது. கூர் இடுக்கியால் இதழை விலக்கி மகரந்தப்பைகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, காகிதப் பை மாட்டுங்கள். காலையில் தந்தைச் செடியின் புதுப் பூவைப் பறித்து, மகரந்தப்பையின் நுனித் துளையிலிருந்து தட்டினால் நகத்தில் வெள்ளைப் பொடி விழும். அதைச் சூல்முடியில் தடவிவிட்டு மறுபடி பை, காம்பில் கலர் நூல். தாய்க்கு நெடுந்தண்டுப் பூவாகப் பார்த்து எடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பை மாட்டாமல் விட்டால் வண்டு வந்துவிடும். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும். கத்தரி தன் பூவிலேயே சேரக்கூடியதுதான் என்றாலும், அயல் மகரந்தச் சேர்க்கை நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியதாகவும் பதிவு உண்டு. உங்கள் ஹைப்ரிட் விதை கலைந்ததில் பக்கத்து வீட்டுக் கத்தரிக்கும் கொஞ்சம் பங்கிருக்கலாம்.

எஃப் 1இல் ஐந்தாறு செடி போதும். அதற்கடுத்த தலைமுறையில், அதாவது எஃப் 2இல், இருபது செடி வைத்துவிட்டு "ஒன்றும் தேறவில்லை" என்று சொல்லக்கூடாது. மூன்று மரபணுவில் நமக்கு வேண்டிய ஜோடிகள் ஒரே செடியில் சேர 64இல் ஒரு வாய்ப்புதான். ஒன்றாவது கிடைக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல சுமார் 190 செடி வேண்டும். முக்கால் மீட்டருக்கு அறுபது சென்டிமீட்டர் இடைவெளியில் 90 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும், உங்கள் அரை ஏக்கரில் ஒரு மூலை. அதில் எட்டுப் பத்துச் செடியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனி வரிசையாகப் போடுங்கள். தன் பூவிலேயே சேரவிட்டால், ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு நிலை (ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் வேறுவேறாக இருப்பது) பாதியாகக் குறையும்: எஃப் 2இல் பாதி, எஃப் 6இல் 32இல் ஒரு பங்கு. நமக்குக் குளிர்காலம் இல்லாததால் வருடத்துக்கு இரண்டு தலைமுறை எடுக்கலாம். கணக்குப் பார்த்தால் மூன்று வருடத்துக்குச் சற்று மேலே, விதை எடுத்துப் போட்டால் கலையாத உங்கள் சொந்த ரகம்.

நான்கு மூல விதைகளையும் கலப்புக்கு எடுத்ததோடு தீர்த்துவிடாதீர்கள். காய் மஞ்சளேறிப் பழுத்தபின் அறுத்துக் கழுவி, மிதப்பதை ஊற்றிவிட்டு, மூழ்கியதை நிழலில் காயவைத்து, காகிதத்தில் மடித்து மைலோ டின்னில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே வகை, தேதி, யார் கொடுத்தது என்று எழுதுங்கள். அக்டோபர், நவம்பர் மழை இங்கே பூவைக் கொட்டவைக்கும், காகிதப் பையும் நனைந்து ஒட்டிக்கொள்ளும். கை வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.